வேதத்தில் இல்லாத வேத கணிதம்

"ஐயாயிரம் ஆண்டுப் பழமையான வேத கணிதத்தை உங்கள் பிள்ளைக்கும் கற்பியுங்கள்" என்ற பாணியில் வரும் விளம்பரங்களைக் காணும்போதெல்லாம் எனக்குள் இருக்கும் பழைய செய்தியாசிரியன் விழித்துக்கொள்கிறான். மூலம் எங்கே என்பதே அவனது முதற்கேள்வி.

மூலம் ஒரே ஒரு நூல். பூரி சங்கராச்சாரியாராக விளங்கிய பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதியது. அவர் 1960 இல் மறைந்த பின்னர், 1965 இல் வெளிவந்தது. அதிலுள்ள பதினாறு சூத்திரங்களும் அதர்வ வேதத்தின் பரிசிட்டத்தைச் சேர்ந்தவை என்று கூறப்பட்டது. அறியப்பட்ட பரிசிட்டம் எதிலும் அவை இல்லை. இதனைச் சொன்னவர் எதிரியல்லர். நூலின் பதிப்பாசிரியர் வாசுதேவ சரண் அகர்வாலாவே முன்னுரையில் ஒப்புக்கொண்டார். விளம்பரம் எழுதுவோர் முன்னுரைகளைப் படிப்பதில்லைப் போலும்.

சூத்திரங்கள் பிழையானவை என்று நான் கூறவில்லை. 97 ஐ 96 ஆல் பெருக்க வேண்டுமா? நூறுக்குக் குறைபவை 3, 4. 97 இலிருந்து 4 ஐக் கழித்தால் 93. மூன்றை நான்கால் பெருக்கினால் 12. விடை 9312. அழகுதான், ஆனால் இது பாடசாலை அட்சரகணிதம். 47 ஐ 68 ஆல் பெருக்கச் சொல்லிப் பாருங்கள். குறைகளாகிய 53 ஐயும் 32 ஐயும் பெருக்குவதற்கே தனித் தாள் வேண்டும்!

எனது கோபம் வேறு. இந்த ஆரவாரத்தில் மெய்யான சாதனை மறைந்துபோகிறது. கேரளத்துச் சங்கமகிராம மாதவர் 14 ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதத்தை அவர் முடிவிலித் தொடராகக் கண்டார்: ஒன்றிலிருந்து மூன்றிலொன்றைக் கழி, ஐந்திலொன்றைக் கூட்டு, ஏழிலொன்றைக் கழி, இவ்வாறே தொடர்ந்து, ஈற்றில் நான்கால் பெருக்கு. ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் இதனை எட்டியது 1670களில். தொடரோ ஆமை வேகத்தில் நகர்வது. ஐம்பது உறுப்புக்களைக் கணித்தாலும் 3.12 தான் கிடைக்கும். அவ்விடத்தில் நிறுத்தி, ஒரு திருத்தத்தைச் சேர்க்கும் முறையையும் அந்த மரபு வகுத்தது. சேர்த்தால் 3.14159265 வரை சரியாக வந்துவிடுகிறது. குறுக்குவழி என்றால் இதுவல்லவா குறுக்குவழி?

மாதவரின் மூலநூல் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் பெயரைச் சொல்லியே சங்கர வாரியர் மேற்கோள் காட்டினார். ஜேஷ்டதேவர் 16 ஆம் நூற்றாண்டில், "யுக்திபாஷா"வில், நிறுவல்களை மலையாளத்திலேயே எழுதிவைத்தார். கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி சார்ள்ஸ் விஷ் இவைபற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரை 1834 இல் அச்சேறியது. வேத கணித வகுப்பு நடத்துவோர் ஒருவரேனும் மாதவரின் பெயரை உச்சரித்து நான் கேட்டதில்லை.