பகிர்ந்த அதிகாரத்தைப் பாதுகாப்பது யார்?

சமஷ்டி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே நாடு பிளவுபடப் போகின்றது என்று தென்னிலங்கையில் ஒரு சாரார் அச்சமூட்டுவதும், அச்சொல் அரசியலமைப்பில் இடம்பெற்றுவிட்டால் சகல பிரச்சினைகளும் தீர்ந்துவிடும் என்று எம்மவர்களில் ஒரு சாரார் நம்புவதும் நீண்டகாலமாகவே தொடர்ந்து வந்திருக்கின்றன. ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டியைக் கோருவது பிரிவினையாகாது என்று 2017 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதன் பின்னர் முதலாவது வாதத்திற்கு வலுவில்லை. இரண்டாவது நம்பிக்கையையே நாம் இங்கு பரிசீலிக்க விரும்புகிறோம்.

காணி, பொலிஸ், கல்வி என எந்த அதிகாரம் மாகாணத்திற்கு, எது மத்திக்கு என்ற பட்டியலைச் சுற்றியே எமது விவாதங்கள் பெரும்பாலும் சுழலுகின்றன. ஆனால், பட்டியலில் எழுதப்பட்ட அதிகாரம் நிலைத்திருக்குமா என்பது மத்தியில் சட்டவாக்கமும் நிறைவேற்றுத்துறையும் நீதித்துறையும் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதிலேயே தங்கியிருக்கின்றது.

ஜேர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள 16 மாநிலங்களின் அரசாங்கங்களே தமது அமைச்சர்களை மத்தியின் இரண்டாவது சபைக்கு அனுப்புகின்றன. மொத்த வாக்குகள் 69. சனத்தொகைக்கேற்ப ஒரு மாநிலத்திற்கு 3 முதல் 6 வரை வாக்குகள் உண்டு. அச்சபையிலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கிடைக்காமல் அரசியலமைப்பைத் திருத்த முடியாது. சட்டவாக்கத்தில் மாநிலங்கள் பங்கேற்கும் அடிப்படை உரிமையை எந்தப் பெரும்பான்மையாலும் நீக்கவே முடியாது. பிணக்குகளைத் தீர்க்கும் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 16 நீதியரசர்களில் அரைவாசிப் பேரை இந்த இரண்டாவது சபையே தெரிவு செய்கின்றது. அதாவது, நடுவரைத் தெரிவு செய்வதில் மத்திக்கும் மாநிலங்களுக்கும் சம பங்குண்டு.

நிறைவேற்றுத்துறைக்குப் பெல்ஜியம் நல்ல உதாரணம். பிரதமர் நீங்கலாக, அமைச்சரவையில் டச்சு மொழி பேசுவோரும் பிரெஞ்சு மொழி பேசுவோரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்பு விதிக்கின்றது. சனத்தொகையில் ஒரு சதவீதத்திற்கும் குறைவான ஜேர்மன் மொழி பேசுவோருக்கும் தனியான சபையுண்டு. சிறுபான்மைக்குள் சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற கிழக்கு முஸ்லிம்களின் நியாயமான அச்சத்தை உணர்ந்தவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். இத்தகைய ஏற்பாடுகள் இடர்ப்பாடுகள் அற்றவையல்ல. 2010 இலும் 2011 இலுமாக 541 நாட்கள் பெல்ஜியத்தில் புதிய அரசாங்கம் அமைக்கப்பட முடியாதிருந்தது. ஆயினும், அந்த நாடு உடைந்துவிடவில்லை.

எமது நாட்டின் அனுபவம் என்ன? 1971 இல் ஒழிக்கப்பட்ட செனட் சபை பிரதேசங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் சபையாக என்றுமே இருந்ததில்லை. 1987 இல் 13 ஆவது திருத்தம் மாகாணங்களுக்கு அதிகாரப் பட்டியலொன்றைத் தந்ததே தவிர, மத்தியில் அவற்றுக்கு ஓர் ஆசனத்தைத்தானும் தரவில்லை.

இதன் விளைவை 2012 இல் திவிநெகும சட்டமூலம் வெளிப்படுத்தியது. மாகாணங்களுக்குரிய விடயங்களை அது தொடுவதால் மாகாண சபைகளின் கருத்தைப் பெற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கூறியது. வடக்கில் அப்போது தெரிவு செய்யப்பட்ட சபை இருக்கவில்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் இணக்கம் தெரிவிக்க முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. ஆனால், 2013 ஜனவரியில் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் அதை நிறைவேற்றியது. சில நாட்களிலேயே பிரதம நீதியரசர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். பட்டியல் அப்படியே இருந்தது. அதைக் காப்பதற்கு மத்தியில் எவருமே இருக்கவில்லை.

வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்த பின்னர், அடுத்த தேர்தல் நடத்தப்படாமலே பல ஆண்டுகள் ஆளுநர் நிர்வாகத்தில் கழிந்ததும் இதே குறைபாட்டின் இன்னொரு முகமேயாகும்.

ஆகவே, புதிய அரசியலமைப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் பட்டியலின் நீளத்தை மாத்திரம் அளந்துகொண்டிருக்கக் கூடாது. மாகாணங்களின் சம்மதமின்றிச் சட்டமியற்ற முடியாத இரண்டாவது சபை, சகல சமூகங்களுக்கும் உரிமையோடு இடமளிக்கும் அமைச்சரவை, மத்தி மாத்திரம் நியமிக்காத அரசியலமைப்பு நீதிமன்றம் ஆகிய மூன்றையும் அவர்கள் ஒருசேரக் கோர வேண்டும். பூட்டில்லாத பெட்டகத்தில் எவ்வளவு செல்வத்தை வைத்தும் பயனில்லை.