இணை தெரியாத பேரியர்

கெர்னல் நிரலைப் பரிசீலிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் ஒரு வரி உண்டு. நினைவகத்தில் எழுதும் இரண்டு சாதாரணச் செயல்களுக்கு நடுவே, யாதொரு விளக்கமும் இன்றி, ஒரு முழு மெமரி பேரியர் நிற்கும். எதற்காக என்று வினவினால் ‘பத்திரத்துக்காக’ என்று பதில் வரும். அதை எடுத்துவிட்டால் என்ன நேரும் என்று மேலும் வினவினால், ‘எடுத்துப் பார்த்தேன், என் இயந்திரத்தில் ஒன்றும் நேரவில்லை’ என்று வரும். பத்திரமும் பார்த்தாகிவிட்டது, பரீட்சையும் செய்தாகிவிட்டது என்ற திருப்தியோடு அந்த வரி உள்ளே நுழைந்துவிடுகிறது. தன் இணை எங்கே இருக்கிறது என்று எழுதிக் காட்டாத பேரியர் எதுவும் கெர்னலில் ஏறத் தகுதியற்றது என்பது இவ்விதழின் அபிப்பிராயம். அதற்குரிய நியாயங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

பல பிராசஸர்கள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது, அனைத்துச் செயல்களும் ஏதோ ஒரு தனி வரிசையில், ஒவ்வொரு பிராசஸரின் நிரல் வரிசையும் குலையாமல் நடந்தால் என்ன விளைவு கிட்டுமோ அந்த விளைவே கிட்ட வேண்டும் என்ற இலக்கணத்தை லெஸ்லி லாம்போர்ட் 1979-ஆம் ஆண்டில் வகுத்தார். நாம் நிரல் எழுதும்போது மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது இந்த இலக்கணத்தின்படிதான். ஆனால் நம் மேசைமீதுள்ள இயந்திரமோ, சட்டைப்பையில் உள்ள இயந்திரமோ இதை அப்படியே அனுசரிப்பதில்லை. எழுதிய மதிப்பு கேஷைச் சென்றடையும் முன் ஸ்டோர் பஃபரில் காத்திருக்கிறது. தபாற்பெட்டியில் போட்ட கடிதம் எழுதியவனைப் பொறுத்தவரை போய்விட்ட கடிதம், பெற வேண்டியவனுக்கோ இன்னும் எழுதப்படாத கடிதம் என்பதுபோல, எழுதிய பிராசஸர் தன் புதிய மதிப்பை உடனே காண்கிறது, மற்றவை பழையதையே காண்கின்றன. எக்ஸ்86 குடும்பம் இவ்விஷயத்தில் சற்றுக் கண்டிப்பானது: ஓரிடத்தில் எழுதியபின் வேறோர் இடத்திலிருந்து படித்தால், படிப்பது முந்திக்கொள்ளலாம் என்ற ஒரு சலுகையைத்தான் அது சாதாரண நினைவகத்தில் எடுத்துக்கொள்கிறது. ஆர்ம், பவர், ரிஸ்க்-ஃபைவ் ஆகியவற்றிலோ, ஒன்றையொன்று சாராத படித்தலும் எழுதுதலும் எந்தச் சேர்க்கையிலும் இடம் மாறலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி பிராசஸர்களும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைத் தழுவியவையாதலால், எக்ஸ்86-இன் கண்டிப்பையே உலக நியதியாகக் கருதிவிடுவது நம்மவர்க்கும் உகந்ததன்று.

பேரியர் ஒரு பிராசஸரின் செயல்களை அதற்குள்ளேயே வரிசைப்படுத்துகிறதேயன்றி, மற்றொரு பிராசஸர் அவற்றை எந்த வரிசையில் நோக்க வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை. ஒருவன் தரவை எழுதிவிட்டுக் கொடியை உயர்த்துகிறான். மற்றொருவன் கொடியைப் பார்த்துவிட்டுத் தரவைப் படிக்கிறான். எழுதுபவன் தன் பங்குக்கு எத்தனை வலிய பேரியரை இட்டாலும், படிப்பவனுடைய பிராசஸர் தரவை முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டு பிறகு கொடியைப் பார்க்குமாயின், அவன் கையில் இருப்பது பழைய தரவுதான். எழுதுபவன் பக்கம் தரவைக் கொடிக்கு முன்னே நிறுத்தும் ரிலீஸும், படிப்பவன் பக்கம் தரவைப் படிப்பதைக் கொடிக்குப் பின்னே நிறுத்தும் அக்வயரும் சேர்ந்து நின்றால்தான் ஒப்பந்தம் நிறைவேறுகிறது. ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது செல்லுமா என்று நிர்ணயிக்கும்படி பரிசீலகரைக் கேட்பது என்ன நியாயம்?

இதைவிடச் சூட்சுமமானது, தூங்கப் போகும் டாஸ்க்குக்கும் அதை எழுப்ப வருபவனுக்கும் இடையிலான விவகாரம். தூங்கப் போகிறவன் முதலில் தன் நிலையை ‘உறக்கம்’ என்று எழுதிவிட்டு, தான் எதிர்பார்த்திருந்த நிபந்தனை நிறைவேறிவிட்டதா என்று படித்துப் பார்க்கிறான். எழுப்புகிறவன் நிபந்தனையை நிறைவேற்றி எழுதிவிட்டு, யாரேனும் உறங்குகிறார்களா என்று படித்துப் பார்க்கிறான். இருவர் எழுதியதும் அவரவர் ஸ்டோர் பஃபரில் தேங்கி நிற்க, இருவர் படிப்பதும் முந்திக்கொண்டால், நிபந்தனை இன்னும் நிறைவேறவில்லை என்று முதலாமவனும், உறங்குவார் எவருமில்லை என்று இரண்டாமவனும் முடிவு செய்வார்கள். எழுப்புவார் இன்றி அந்த டாஸ்க் உறங்கிக்கொண்டே இருக்கும். எக்ஸ்86 எடுத்துக்கொள்ளும் அந்த ஒரே சலுகை இங்கேதான் குறுக்கிடுகிறது என்பதால், கண்டிப்பான இயந்திரத்தில் ஓட்டுகிறோம் என்ற தைரியமும் இங்கே செல்லாது. ரிலீஸும் அக்வயரும் இங்கே போதா. இரு பக்கத்திலும் முழு பேரியர் வேண்டும். ஆகவேதான் லினக்ஸில் தன் நிலையை மாற்றும் ‘செட் கரண்ட் ஸ்டேட்’ தனக்குள்ளேயே ஒரு முழு பேரியரை வைத்திருக்கிறது. காத்திருப்போர் வரிசையில் எவரேனும் உண்டா என்று லாக் எடுக்காமலே எட்டிப் பார்க்க உதவும் ‘வெயிட்கியூ ஆக்டிவ்’ என்ற சிறு செயற்கூற்றில் அந்த பேரியர் இல்லை. அழைப்பவன்தான் இட்டுக்கொள்ள வேண்டும். அச்செயற்கூற்றின் தலைமேல், எழுப்புகிறவன் செய்வது ஒரு பத்தியாகவும் காத்திருப்பவன் செய்வது மறு பத்தியாகவும் எழுதி, எந்த பேரியர் எதற்கு இணை என்று விளங்கும்படி ஒரு குறிப்பை வைத்திருக்கிறார்கள். இத்துறையில் புதிதாக வருபவர்கள் பாடமாகக் கொள்ளத்தக்க குறிப்பு அது.

‘ஓட்டிப் பார்த்தோம், ஒன்றும் நேரவில்லை’ என்ற சாட்சியத்தின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு 1999-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த ஒரு விவாதத்தை நினைவூட்டலாம். எக்ஸ்86-இல் ஸ்பின்லாக்கை விடுவிக்க லாக் முன்னொட்டுடன் கூடிய கட்டளை தேவையில்லை, சாதாரணமாக ஒரு மதிப்பை எழுதினாலே போதும், ஏறக்குறைய 22 டிக் பிடிக்கும் வேலை ஒரே டிக்கில் முடியும் என்று ஒரு நிரலாளர் கண்டார். லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் திட்டவட்டமாக மறுத்தார். அளந்து காட்டியவர் அளவையால் வாதிட்டார், மறுத்தவர் அனுமானத்தால் வாதிட்டார். இன்டெல் நிறுவனத்தின் உள்ளிருந்து ஒரு பொறியாளர் வந்து அது சரிதான் என்று பிரமாணம் சொல்லும்வரை விவகாரம் தீரவில்லை. மறுத்தவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம், ஏனெனில் அன்று அவர் கையில் இருந்த ஏடுகள் அந்த உறுதியைத் தெளிவாகத் தரவில்லை. இன்டெல் தன் நினைவக வரிசை நியதிகளைத் தனி வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது 2007-இல்தான். அதையும் பின்னர்த் திருத்த வேண்டியிருந்தது. எக்ஸ்86-டிஎஸ்ஓ என்ற துல்லியமான மாதிரியைப் பீட்டர் செவெல் முதலியோர் வகுத்துத் தந்தது அதற்கும் பின்னே.

அட்டாமிக் செயல்களைப் பற்றிய மயக்கமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பிளவுபடாமல் நடப்பது ஒன்று, வரிசைப்பட நடப்பது வேறொன்று. ‘அட்டாமிக் இன்க்’ போல மதிப்பைத் திருப்பித் தராத செயல்கள், அக்கம்பக்கத்துச் செயல்களுக்கு எந்த வரிசையையும் உறுதி செய்வதில்லை. ‘அட்டாமிக் இன்க் ரிட்டர்ன்’ முழு வரிசையை உறுதி செய்கிறது. ஒப்பிட்டு மாற்றும் ‘சிஎம்பி எக்ஸ்சேஞ்ச்’ வெற்றி பெற்றால் முழு வரிசையைத் தருகிறது, தோற்றால் ஒன்றும் தருவதில்லை. எக்ஸ்86-இலோ லாக் முன்னொட்டு வந்தாலே முழு பேரியர் கூடவே வந்துவிடுவதால், இந்த பேதங்கள் அங்கே எழுதுபவர் கண்ணில் படுவதேயில்லை; வேறோர் இயந்திரத்துக்குக் கெர்னலைக் கொண்டுபோகும் மற்றொருவர்தான் பின்னர் அதன் பலனை அனுபவிக்கிறார்.

கம்பைலரும் தன் பங்குக்கு வரிசையை மாற்றும், ஒருமுறை படிக்கச் சொன்னதை இருமுறை படிக்கும், படிக்காமலே விட்டுவிடவும் செய்யும். ‘ரீட் ஒன்ஸ்’, ‘ரைட் ஒன்ஸ்’ ஆகியவை அதற்காகவே ஏற்பட்டவை. சார்புடைய படித்தலைக்கூட இடம் மாற்றிக் காட்டிய ஆல்ஃபா பிராசஸருக்கென்று நாம் சுமந்துவந்த தனி பேரியரும் இறுதியில் ‘ரீட் ஒன்ஸ்’ஸுக்குள்ளேயே அடங்கிவிட்டது, அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

முன் தலைமுறையினர்க்கு வாய்க்காத சாதனங்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன. ஜேட் அல்க்லாவ், லூக் மராஞ்சே, பால் மெக்கென்னி, ஆண்ட்ரியா பாரி, ஆலன் ஸ்டெர்ன் ஆகியோர் வகுத்த லினக்ஸ் நினைவக மாதிரி, 2018-இல் 4.17 பதிப்பின் மூலம் கெர்னலின் மூல நிரலோடு சேர்ந்துவிட்டது. சந்தேகமான இடத்தைப் பத்துப் பதினைந்து வரியில் ஒரு லிட்மஸ் சோதனையாகச் சுருக்கி எழுதி ஹெர்ட் கருவியிடம் கொடுத்தால், அம்மாதிரி அனுமதிக்கும் நிகழ்வுகள் அனைத்தையும் அது தேடிப் பார்த்து, நாம் அஞ்சும் விளைவு நேரக்கூடுமா கூடாதா என்று சொல்லிவிடும். 2020-இல் 5.8 பதிப்பில் வந்த கேசிசான், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலேயே தரவுப் போட்டிகளைத் தேடிப் பிடிக்கிறது. நிரல் பெரிதாகப் பெரிதாக ஹெர்ட் திணறும் என்பதும், கம்பைலரின் குறும்புகள் அனைத்தும் அம்மாதிரிக்குள் அடங்கவில்லை என்பதும் மெய்யே. ஆயினும் ‘என் இயந்திரத்தில் ஒன்றும் நேரவில்லை’ என்பதோடு ஒப்பிட்டால், இச்சாதனங்கள் சொல்வது எத்தனையோ மடங்கு நம்பத்தக்க சாட்சி.

விளக்கக் குறிப்பில்லாத பேரியரைக் கண்டால், கெர்னலுக்கு அனுப்பும் திருத்தங்களைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவி எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை ஒரு சடங்காகக் கருதி, ‘வரிசைக்காக’ என்று ஒரு சொல்லை எழுதிக் கடந்துபோகும் வழக்கம் ஒழிய வேண்டும். லாக் ஒன்றை எடுத்தால் தீரும் காரியத்துக்கு, அளந்து பார்க்காமலே அட்டாமிக் செயல்களைத் தேடிப்போகும் ஆர்வத்தையும் நாம் ஆதரிப்பதற்கில்லை. இனி இவ்விதழுக்கு லாக் இல்லாத முறைகளைப் பற்றிக் கட்டுரை அனுப்பும் அன்பர்கள், ஒவ்வொரு பேரியருக்கும் அதன் இணை எந்தச் செயற்கூற்றில் உள்ளது என்பதையும், இரண்டும் சேர்ந்து எந்த விளைவைத் தடுக்கின்றன என்பதையும் எழுதி, அதற்குரிய லிட்மஸ் சோதனையையும் கூடவே இணைத்து அனுப்புமாறு வேண்டுகிறோம். அவை இல்லாத கட்டுரைகள் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படமாட்டா.