முன்வரிசையின் கணக்கு

அரசியல் பத்தி எழுதுபவனுக்குக் கணினி விளையாட்டில் என்ன வேலை என்று வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். ஓர் அணியின் வெற்றி யாருக்கு உரியது என்பது பழைய கேள்வி. ஓய்வுநேரத்தில் நான் ஆடிவரும் ஒரு விளையாட்டு அதற்குத் தெளிவான விடையொன்றை வைத்திருக்கிறது. அதை ஆடுவோரிற் பலர் அந்த விடையைக் கவனிப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

காய்களை நிறுத்திவிட்டால் அவை தாமாகவே போரிடும் வகையைச் சேர்ந்தது இது. 2019 ஜனவரியில் சீனாவின் ட்ரோடோ நிறுவனம், 'டொட்டா 2' விளையாட்டின் துணை ஆட்டமாக 'டொட்டா ஓட்டோ செஸ்' என்பதை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் 'டீம்ஃபைட் டக்டிக்ஸ்' வந்தது. நான் ஆடுவது இதனைத்தான். எட்டுப்பேர் பங்குபற்றுவர். ஒவ்வொருவரும் காசு கொடுத்துக் காய்களை வாங்கி, வரிசைக்கு ஏழாக நான்கு வரிசைகளில் அமைந்த 28 அறுகோணக் கட்டங்களில் நிறுத்துவர். அதற்குக் கிடைப்பது சுமார் 30 விநாடி. சண்டை தொடங்கியபின் கைகட்டிப் பார்த்திருக்க வேண்டியதுதான். சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் மறுநகர்வு உண்டு. இங்கோ செய்யவேண்டிய யாவும் சண்டைக்கு முன்னரே முடிந்துவிடுகின்றன.

ஆகவே யாரை எங்கே நிறுத்துவது என்பது பெரிய கேள்வியாகிறது. காய்கள் பொதுவாகத் தமக்கு மிக அருகிலுள்ள எதிரியையே தாக்கும். உயிர்வலுவும் கவசமும் கூடியவை முன்வரிசையில் நின்று அடிகளை வாங்குகின்றன. தூரத்திலிருந்து அடிக்கும் வில்லாளரும் மந்திரவாதிகளும் பின்வரிசையில் நிற்கின்றனர். முன்னுக்கு நிற்பவரை ஆடுவோர் 'டாங்க்' என்பர். யுத்த தாங்கி என்று நாம் சொல்லும் அதே சொல். பின்னுக்கு நின்று அடிப்பவரை 'கெரி', அதாவது அணியைச் சுமப்பவர், என்பர். தாங்குபவர் ஒருவர் இருக்க, சுமப்பவர் என்ற பட்டம் மற்றவருக்குப் போயிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பட்டத்தோடு புள்ளிகளும் அவருக்கே போகின்றன. சண்டையின்போது யார் எவ்வளவு சேதம் விளைவித்தார் என்ற பட்டியல் திரையின் ஓரத்தில் தோன்றும். அதன் உச்சியில் பெரும்பாலும் பின்வரிசைக்காரரே இருப்பார். தாங்கியின் பெயர் அடியில் கிடக்கும். வாங்கிய அடிகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. அதைத் திறந்து பார்ப்போர் குறைவு. பட்டியலின் அடியில் இருப்பதை விற்றுவிட்டு இன்னொரு வில்லாளரை வாங்கி, அடுத்த சுற்றிலேயே சிதறிப்போன அணிகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். எதிரணி விநாடிக்கு 500 அளவு சேதம் விளைவிக்கிறது என வைத்துக்கொள்வோம். நமது வில்லாளரின் உயிர்வலு 1000. அவர் விநாடிக்கு 800 சேதம் தருபவர். தனியே நின்றால் இரண்டு விநாடியில் மடிவார். அவர் கணக்கில் 1600 சேரும். அவருக்கு முன்னே 3000 உயிர்வலு கொண்ட தாங்கி ஒன்று நின்றால் மேலும் ஆறு விநாடி கிடைக்கும். வில்லாளரின் கணக்கு 6400 ஆக உயரும். அதில் 4800, அதாவது நான்கில் மூன்று பங்கு, தாங்கி வாங்கிக்கொடுத்த நேரத்தின் விளைவு. பட்டியலோ முழுவதையும் வில்லாளரின் பெயரில் எழுதுகிறது.

இதை வைத்து முன்வரிசையைத் தடிப்பாக்கினாற் போதும் என்று எண்ணிவிடலாகாது. அடிப்பவர் இல்லாத அணி மெதுவாகத் தோற்கும், அவ்வளவே. எதிராளி யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆரம்பத் தொகுதியில் கொலையாளி வகைக் காய்கள் சண்டை தொடங்கியவுடன் முன்வரிசையைத் தாண்டிப் பாய்ந்து, தொலைவிலுள்ள எதிரியைப் பிடித்தன. பிளிட்ஸ்கிராங்க் என்ற இயந்திரம் மிகத் தொலைவில் நிற்பவரைத் தன் கையால் இழுத்து வந்தது. அப்போது தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு தாங்கியைப் பின்மூலையில் இரையாக நிறுத்தினர். பாத்திரம் மாறவில்லை, அது செய்யப்படும் இடம் மட்டுமே மாறியது. மற்றவரின் பலகையை எட்டிப்பார்க்க விளையாட்டு அனுமதிக்கிறது. அதைப் பார்க்காமல் எவரோ வகுத்த அணிவகுப்பை அப்படியே பிரதிபண்ணுவோர் தோற்றபின் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்கின்றனர்.

வரிசைகளே இல்லாத ஆட்டத்திலும் இந்த உண்மை நிற்கிறது. 2019 நவம்பரில் வந்த 'ஹார்த்ஸ்டோன் பட்டில்கிரவுண்ட்ஸ்' விளையாட்டில் அதிகபட்சம் ஏழு காய்கள் ஒரே கோட்டில் நிற்கும். தாக்குதல் இடமிருந்து வலமாக நடைபெறும். அங்கும் எதிரி முதலில் தன்னையே தாக்கும்படி செய்யும் காய்கள் உண்டு. அவை வாங்கும் அடியினாற்றான் பக்கத்தில் நிற்பவை பிழைக்கின்றன.

கடையில் எந்தக் காய் வருகிறது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது, நிறுத்தும் இடம் அற்ப விஷயம் என்று வாதிடுவோர் உளர். பலமும் பலவீனமும் மோதும்போது அது சரி. சமபலமுள்ள இரு அணிகள் மோதும்போது ஒரு கட்டம் தள்ளி நிறுத்தியது வெற்றியைத் தோல்வியாக்கிவிடும். விளையாட்டை ஆக்கியோரும் இதை உணர்ந்துள்ளனர். 2025இல் ஒவ்வொரு காயின் பாத்திரத்தையும் வெளிப்படையாகக் குறித்து, அடிவாங்கும்போது ஆற்றல் திரட்டும் வசதியைத் தாங்கிகளுக்கென ஒதுக்கினர்.

இதனை நான் யுத்தத்துடன் ஒப்பிட மாட்டேன். விளையாட்டில் மடிந்த முன்வரிசை அடுத்த சுற்றில் எழுந்து நிற்கும். யுத்தத்தில் அப்படி இல்லை என்பதை இந்த நாட்டில் எவருக்கும் சொல்லவேண்டியதில்லை. நான் ஒப்பிடுவது என் தொழிலுடன். செய்தியின் தலையில் நிருபரின் பெயர் வரும். நள்ளிரவில் அந்தச் செய்தியில் ஒரு தவறான பெயரையோ வழக்கைக் கொண்டுவரும் வசனத்தையோ பிடித்து நீக்கும் உதவி ஆசிரியரின் பெயரும் ஒப்புநோக்குநரின் பெயரும் எங்கும் வருவதில்லை. ஆட்குறைப்பு என்று வந்தால் முதலிற் போவோரும் பெரும்பாலும் அவர்களே. அவர்கள் எதையும் எழுதவில்லை என்று கணக்கு சொல்கிறது. அவர்கள் போனபின் திருத்தங்களும் வருத்தங்களும் பத்திரிகையில் பெருகுவதை வாசகர் காண்கின்றனர்.

சேதப் பட்டியலுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு காயும் மற்றவருக்கு எத்தனை விநாடி வாங்கிக்கொடுத்தது என்றொரு நிரலையும் விளையாட்டு காட்டுமாயின் நன்று. அது வரும்வரை, தோற்ற சுற்றின்பின் எதையாவது விற்க நினைப்பவர், முன்வரிசை எப்போது சரிந்தது என்பதை முதலிற் பார்க்கட்டும். பட்டியலின் அடியில் உள்ள பெயரை விற்பது அதன் பிறகு யோசிக்க வேண்டிய காரியம்.