கட்டிலை மேக்கால நகர்த்து!

“டேய், அந்தக் கட்டிலைக் கொஞ்சம் மேக்கால நகர்த்து. மூஞ்சில வெயில் அடிக்குது.”

லீவுக்குக் கிராமத்துக்குப் போன பேரன் ஒரு நிமிடம் திகைத்து நிற்பான். மேற்கு எது? செல்போனை எடுத்துத் திசைகாட்டி ஆப்பைத் தேடுவான். பாட்டிக்குச் சிரிப்பு தாங்காது. “சூரியன் எந்தப் பக்கம் விழுதுன்னுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் வளர்ந்தே?”

பேரன் இன்ஜினீயரிங் படிக்கிறான். பாட்டி பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. இருந்தும் திசை அவருக்குத்தான் தெரிகிறது. என்ன காரணம்? பாட்டி தினமும் பேசும் பேச்சில் அதற்கு ஒரு பதில் ஒளிந்திருக்கிறது.

கங்காரு கொடுத்த மக்கள்

1770-ம் ஆண்டு கேப்டன் குக்கின் கப்பல் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடலில் பவளப்பாறையில் மோதி ஓட்டையானது. பழுதுபார்க்க ஓர் ஆற்று முகத்துவாரத்தில் சில வாரங்கள் தங்கினார்கள். அங்கே வாழ்ந்த கூகு யிமித்திர் மக்களிடமிருந்து குக்கின் ஆட்கள் கேட்டு எழுதிக்கொண்ட சொல்தான் ‘கங்காரு’.

இந்த மக்களின் மொழியில் அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. இடது கை, வலது கை என்று கைகளுக்குச் சொற்கள் இருக்கின்றன. ஆனால், ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்ல அவற்றைப் பயன்படுத்துவதில்லை. எல்லாமே கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குதான். பக்கத்தில் இருப்பவரை நகரச் சொல்வதானாலும் ‘கொஞ்சம் கிழக்கே தள்ளு’ என்பார்கள்.

அந்த ஊர் முதியவர் ஒருவர், படகு கவிழ்ந்து கரைக்கு நீந்தி வந்த கதையைச் சொன்னபோது மொழி ஆய்வாளர் ஜான் ஹாவிலண்ட் அதைப் படம் பிடித்தார். முதியவர் மேற்கு பார்த்து உட்கார்ந்திருந்தார். படகு புரண்ட விதத்தைச் சொல்லும்போது கைகளை முன்பக்கமாக உருட்டிக் காட்டினார். சுமார் 2 வருடங்கள் கழித்து அதே கதையை அதே முதியவர் ஸ்டீபன் லெவின்சன் என்ற இன்னொரு ஆய்வாளரிடம் சொன்னார். இந்தமுறை அவர் வடக்கு பார்த்திருந்தார். கைகள் வலமிருந்து இடமாக உருண்டன.

கை மாறிவிட்டதே, மறந்துவிட்டாரோ? இல்லை. வடக்கு பார்த்து நிற்பவருக்கு வலது பக்கம் கிழக்கு, இடது பக்கம் மேற்கு. இரண்டு முறையும் படகு கிழக்கிலிருந்து மேற்காகத்தான் கவிழ்ந்தது. அந்தத் திசை அவர் நினைவில் அச்சு மாறாமல் இருந்திருக்கிறது.

இது ஏதோ பிறவி வரம் அல்ல. அந்த மொழியில் ஒரு கதை சொல்ல வேண்டுமானால் திசை தெரிந்தாக வேண்டும். நாளைக்கு எதைச் சொல்ல வேண்டியிருக்குமோ, அதை இன்றைக்கே கவனித்து வைத்துக்கொள்கிறது மனம்.

தூரமா?

அதே பகுதியின் மேற்குக் கரையில் கூக் தாயோரே என்று இன்னொரு மொழி இருக்கிறது. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவரிடம் ‘எங்கே போகிறாய்?’ என்று நேராகக் கேட்கக் கூடாது என்பதால், தமிழ்நாட்டில் ‘தூரமா?’ என்று கேட்பார்கள். கூக் தாயோரே பேசுகிறவர்களோ எதிர்ப்படும்போது ‘எங்கே போகிறாய்?’ என்றுதான் நலம் விசாரிப்பார்கள். ‘தென்கிழக்கே, ரொம்ப தூரம்’ என்பது போலப் பதில் வர வேண்டும். திசை தெரியாவிட்டால் அங்கே வணக்கம்கூடச் சொல்ல முடியாது!

லெரா போரோடிட்ஸ்கி, ஆலிஸ் கேபி என்ற இரு ஆய்வாளர்கள் இவர்களிடம் சில படங்களைக் கொடுத்தார்கள். ஒரு மனிதர் குழந்தையிலிருந்து முதியவராவது போன்ற படங்கள். காலவரிசைப்படி அடுக்கச் சொன்னார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இடமிருந்து வலமாக அடுக்குவார்கள். வலமிருந்து இடமாக எழுதும் ஹீப்ரு மொழிக்காரர்கள் வலமிருந்து அடுக்குவார்கள். கூக் தாயோரே மக்களிடம் தெரிந்த வரிசை கிழக்கிலிருந்து மேற்கு. சூரியன் போகும் வழியில் காலமும் போகிறது!

டம்ளர், ஸ்பூன், உப்பு டப்பா

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மேசை முன்னால் வடக்கு பார்த்து நின்று, இடமிருந்து வலமாக டம்ளர், ஸ்பூன், உப்பு டப்பா மூன்றையும் வரிசையாக வையுங்கள். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவரை அப்படியே தெற்கே திரும்பச் சொல்லி, பின்னால் உள்ள மேசையில் அதே மாதிரி வைக்கச் சொல்லுங்கள்.

டம்ளரைத் தன் இடது பக்கம் வைத்தால் அவர் ‘இடம் வலம்’ ஆள். வலது பக்கம் வைத்தால் ‘திசை’ ஆள். ஏனென்றால் முதலில் டம்ளர் மேற்கே இருந்தது. இப்போதும் மேற்கேதான் இருக்கிறது.

1990-களில் லெவின்சனின் ஆய்வுக் குழு பல மொழிக்காரர்களிடம் இதுபோன்ற சோதனைகளை நடத்தியது. எரிக் பெடர்சன் என்பவர் தமிழ் பேசுகிறவர்களிடம் நடத்தினார். நகரத்தில் பேச்சு பெரும்பாலும் இடம், வலம். கிராமத்தில் கிழக்கு, மேற்கு. வாயால் எதையும் சொல்லத் தேவையில்லாத சோதனையிலும் இரு தரப்பும் தங்கள் பேச்சு வழக்கை ஒட்டியே நடந்துகொள்ளும் போக்கு தெரிந்தது.

இதற்குக் காரணம் மொழியா, சூழலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வயல்வெளியில் சூரியன் எப்போதும் கண்ணில் படும். அடுக்குமாடியில் எதிர் ஃப்ளாட்தான் தெரியும். பேச்சு அதனால் மாறியதா, பேச்சு மாறியதால் பார்வை மாறியதா? இரண்டும் கைகோத்துத்தான் நடக்கின்றன.

ஆனால் ஒன்று தெளிவு. மொழி யாரையும் சிறையில் அடைப்பதில்லை. இரு தரப்புக்கும் தமிழ் ஒன்றுதான், சொற்களும் ஒன்றுதான். தினமும் எந்தச் சொல்லை வாய் புழங்குகிறதோ, அந்தப் பக்கம் மனமும் பழகிவிடுகிறது.

கீழே கிழக்கு, மேலே மேற்கு

தமிழின் திசைச் சொற்கள் சாதாரணமானவை அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கடலை நோக்கி நிலம் சரிகிறது. உயரமான ‘மேல்’ பக்கம் மேற்கு, தாழ்வான ‘கீழ்’ பக்கம் கிழக்கு. மதுரைக்காரர் மேலமாசி வீதி, கீழமாசி வீதி என்று சொல்லும்போதெல்லாம் அந்தச் சரிவையும் சேர்த்தே சொல்கிறார். வடக்கே தலை வைத்துப் படுக்காதே, கிழக்கு பார்த்து உட்கார்ந்து சாப்பிடு என்று வீட்டுப் பேச்சில் திசை கலந்தே இருந்தது.

இன்று அந்த இடத்தில் மேப் ஆப் பேசுகிறது. ‘200 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்.’ போய்ச் சேர்ந்துவிடலாம், கஷ்டமில்லை. ஆனால் சார்ஜ் தீர்ந்துபோனால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதுகூட மறந்துபோகிறது.

விட்ட பழக்கத்தைப் பிடிக்க முடியாதா? முடியும். கூக் தாயோரே மக்களோடு தங்கியபோது தானும் திசை பழகிக்கொண்டதாக போரோடிட்ஸ்கி சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் போல ஆனதும், பறவை மேலிருந்து பார்ப்பது போன்ற ஒரு சின்ன வரைபடம் அவர் மனதில் தோன்றியதாம். அதில் அவர் ஒரு புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தாராம்.

பேரனுக்கு அந்த அளவுக்குக்கூட ஆகாது. மூன்றாம் நாள், பாட்டி மூக்குக்கண்ணாடியைக் காணாமல் வீடெல்லாம் துழாவிக்கொண்டிருப்பார். செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே குரல் கொடுப்பான்.

“டிவிக்குக் கிழக்கால பாரு பாட்டி!”