பந்தயப் பிறேக்கும் காங்கேசன்துறை வீதியும்

மருதனார்மடத்தில் ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்துக் கார் என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை ஒஸ்ரின் ஏ-40உம் மொறிஸ் மைனருமே. ஆயினும் 2009ஆம் ஆண்டின் பின் ஏ-9 வீதி வழியாகப் பலவகை வண்டிகள் குடாநாட்டினுள் வரலாயின. இருவர் மட்டும் அமரத்தக்க, நிலத்தோடு நிலமாகப் பதிந்தோடும் கார்களும் அவற்றிடையே எப்போதாவது தலைகாட்டுகின்றன. அன்றியும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், உள்ள வண்டியையே பழுதுபார்த்து ஓட்டும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. எந்த உதிரிப்பாகத்தை வாங்குவது என்பது இப்பொழுது வீட்டு விறாந்தையிற் பேசப்படும் விடயமாயிற்று.

என்னிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் இத்தகைய கேள்வி ஒன்றுடன் வந்தார். அவருடைய காரின் பிறேக் பேட்டுகளும் டிஸ்க்குகளும் தேய்ந்துவிட்டன. கனடாவிலிருக்கும் தமையனார் பந்தயக் கார்களுக்குரிய பேட்டுகளையும் துளையிட்ட டிஸ்க்குகளையும் வாங்கி அனுப்ப முன்வந்திருக்கிறாராம். “பந்தய வேகத்தையே அடக்குபவை, எங்கள் வீதிக்கு இன்னும் நல்லவைதானே, சேர்?” என்றார். அல்ல என்பதே என் விடை. அவ்விடைக்கு அடிப்படை, க.பொ.த. உயர்தர பௌதிகவியற் பாடத்துக்கு அப்பாற்பட்டதன்று.

பிறேக் என்பது வேகத்தை விழுங்கும் கருவி என எண்ணுகிறோம். உண்மையில் அது வெப்பம் உண்டாக்கும் கருவி. சில்லுடன் சுழலும் இரும்பு வட்டே டிஸ்க். அதனை இருபுறமும் பற்றி நெரிக்கும் உராய்வுத் தகடுகளே பேட்டுகள். ஓடும் வண்டியின் இயக்க சக்தி முழுவதும் இவ்விரண்டுக்குமிடையே வெப்பமாக மாறியாக வேண்டும். 1,000 கிலோகிராம் திணிவுள்ள சிறிய காரொன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் அதன் சக்தி ஏறக்குறைய 189 கிலோயூல். 100 கிலோமீற்றரில் 386 கிலோயூல். வேகம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை, சக்தியோ இரட்டித்துவிட்டது. இதில் நூற்றுக்கு 70 பங்கு முன் டிஸ்க்குகள் இரண்டையும் சேர்வதாகவும், ஒவ்வொன்றும் 5 கிலோகிராம் எடையுள்ளதாகவும் கொள்வோமாயின், 100 கிலோமீற்றரிலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது அவற்றின் வெப்பநிலை சுமார் 60 பாகை உயரும். மாணவர்கள் இரும்பின் தன்வெப்பக் கொள்ளளவைக் கொண்டு தாமே கணித்துப் பார்க்கலாம்.

பந்தயத்தில் இவ்வாறு நிமிடத்துக்குப் பலமுறை நிகழ்கிறது. டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்; வெப்பம் ஏறி ஏறி 500, 600 பாகையைத் தொடும். அந்தச் சூட்டிலும் பிடிப்பு நழுவாதிருக்கவே பந்தயப் பேட்டுகள் ஆக்கப்படுகின்றன. அவற்றுட் சில 200 பாகையளவு சூடேறும்வரை முழுப் பிடிப்பையும் தருவதில்லை. இனி நமது காங்கேசன்துறை வீதியை எண்ணிப் பாருங்கள். நகர்ப்புறத்தில் 50, வெளியே 70 என்பதே கார்களுக்குச் சட்டம் விதித்த எல்லை. சமதரை, மலையென்று சொல்ல ஒரு மேடு கிடையாது. காலையிற் புறப்பட்டு இணுவிலைத் தாண்டி மருதனார்மடச் சந்தியை அடையும்வரை பிறேக்கை இரண்டு மூன்று தடவை மெல்லத் தொட்டிருப்போம். டிஸ்க் இன்னும் கைச்சூட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கும். அங்கே சந்தைக்கு மரக்கறி ஏற்றிவந்த லான்ட்மாஸ்ரர் ஒன்று திடீரெனத் திரும்புகிறது. இராமநாதன் கல்லூரிக்குச் செல்லும் மாணவிகள் சைக்கிளில் வருகிறார்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் நல்ல பேட், உலர்ந்த வீதியில் ஏறத்தாழ 14 மீற்றரில் வண்டியை நிறுத்தும். குளிர்ந்திருக்கும் பேட் பாதிப் பிடிப்பையே தருமாயின், கால் அதே அழுத்தத்தைக் கொடுக்க, 28 மீற்றர் வேண்டும். மேலதிகமான அந்த 14 மீற்றருக்குள் ஒரு சைக்கிளும் ஒரு பிள்ளையும் தாராளமாக அடங்குவர்.

டிஸ்க் பிறேக் பந்தயத்தாற் புகழ்பெற்றது என்பது மெய்யே. இங்கிலாந்தின் லான்செஸ்ரர் என்பவர் 1902லேயே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தும், 1953இல் டன்லொப் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் சி-ரைப் கார் லெ மான் பந்தயத்தில் முதலிடம் பெற்ற பின்னரே உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது. ஆயின் அந்தப் பந்தயம் 24 மணி நேரம் ஓடியது என்பதை நம் இளைஞர்கள் மறந்துவிடுகிறார்கள். நமது நாட்டிலேயே, 1934இல் தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியை நோக்குங்கள். மேல்நோக்கிய சிறு ஓட்டம். மலையே வண்டியைப் பாதி தடுத்துவிடும். அங்குகூட நெடும்பந்தயத்துக்குரிய பேட் சூடேறும் முன்னரே போட்டி முடிந்துவிடும்.

நுவரெலியாவிலிருந்து இறங்கும் பயணம் மட்டும் வேறு கதை. விடுமுறைக்குக் குடும்பத்துடன் சென்று, றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது 1,300 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தை இழக்கிறோம். அதே 1,000 கிலோகிராம் காருக்கு அது 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 30 தடவைக்கு மேல் நிறுத்துவதற்கு ஒப்பான சக்தி. எந்த வீதிப் பேட்டாயினும், காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூட்டில் வழுக்கத் தொடங்கும். இதற்கு மருந்து பந்தயப் பேட் அன்று. ஏறிய கியரிலேயே இறங்குவதுதான். மலைநாட்டு பஸ் சாரதிகளைப் பார்த்தாலே போதும்.

அப்படியாயின் எதை வாங்குவது? காரை ஆக்கியவர் முதலிற் பூட்டிய வகைக்கு நெருங்கியதை, அல்லது வீதிக்கென்றே செய்யப்பட்ட சற்று உயர்தரமானதை. பேட்டின் ஓரத்தில் ஈரெழுத்துக் குறியொன்று பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். முதலெழுத்து சாதாரண வெப்பநிலையிலும், இரண்டாவது அதிக சூட்டிலும் உள்ள உராய்வுக் குணகத்தைக் காட்டும். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ 0.45 வரை, ‘ஜி’ 0.55 வரை. முதலெழுத்து ‘ஈ’யாகவும் அடுத்தது ‘எஃப்’ ஆகவும் இருந்தால் குளிரில் மெலிந்தது, சூட்டில் வலுத்தது என்று பொருள், நமக்கு ஆகாது. இரண்டும் ‘எஃப்’ ஆக இருப்பது நமது வீதிக்கு ஏற்றது. வட்டத்துக்குள் ‘ஈ’யும் நாட்டெண்ணும், அருகே ‘90ஆர்’ என்ற குறியும் காணப்படின், அது ஐரோப்பிய விதிப்படி, முதற்பேட்டின் திறனிலிருந்து நூற்றுக்கு 15க்கு மேல் விலகாதது எனச் சோதிக்கப்பட்டதாகும். குறியைப் போலியாகவும் அச்சடிக்கலாமன்றோ? ஆதலால் பற்றுச்சீட்டுத் தரும் கடையில் வாங்குதல் நன்று. கனடாவிலிருந்து வரும் பொதிதான் உயர்ந்தது என்பதுமில்லை. அயலிலுள்ள சென்னையிலேயே 1962இல் பிறேக்ஸ் இந்தியாவும் 1964இல் ரானே பிறேக் லைனிங்கும் தொடங்கப்பட்டு, பல நாட்டுக் கார்களுக்குப் பொருள் செய்கின்றன.

டிஸ்க் விடயத்தில் அழகுக்கு மயங்குவோரே அதிகம். துளைகள் இடும் வழக்கம், பழைய பேட்டுகள் சூட்டில் வெளிவிட்ட வாயு வெளியேறுவதற்காகப் பிறந்தது. இன்றைய பேட்டுகளுக்கு அது பெரிதும் தேவையில்லை. கடும் சூட்டில் வெடிப்புகள் அத்துளைகளின் விளிம்பிலேயே தொடங்கும். துளையில்லாத, உள்ளே காற்று செல்லும் இடைவெளி கொண்ட டிஸ்க்கே போதும். இரும்பு குறைந்தால் சூட்டைத் தாங்கும் ஆற்றலும் குறையும் என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும். பழையதை மாற்ற வேண்டுமா என்பதை அளந்தே முடிவு செய்க. ஆகக்குறைந்த தடிப்பு எவ்வளவென்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். புதிதில் 22 மில்லிமீற்றராயிருப்பதற்கு எல்லை 20 ஆயிருக்கலாம். பாடசாலை ஆய்வுகூடத்து நுண்மானித் திருகுக்கணிச்சி இதற்குப் போதும். தேய்ந்ததைக் கடைந்து மெலிதாக்கிக் காசை மிச்சம் பிடிப்பது, எல்லைக்குக் கீழே போகுமாயின், மிச்சமன்று. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவதும் கூடாது. இடமும் வலமும் சோடியாகவே மாற்ற வேண்டும். பின் சில்லுக்கு மட்டும் வலிய பேட் பூட்டினால் அது முன்னதாகப் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.

நம்முடைய கடற்காற்றையும் கணக்கிற் கொள்ள வேண்டும். பண்ணைப் பாலத்தையும் ஆனையிறவையும் அடிக்கடி கடக்கும் வண்டியில், பேட்டைத் தாங்கும் ஊசிகள் உப்பில் இறுகிவிடும்; அப்பொழுது எவ்வளவு விலையுயர்ந்த பேட்டும் ஒரு பக்கமே தேயும். காலையில் டிஸ்க்கின் முகத்திற் காணும் மெல்லிய துரு ஓரிரு முறை பிறேக் பிடிக்க மறையும், அஞ்ச வேண்டியதில்லை. புதிய டிஸ்க்கைப் பூட்டுமுன் அது அமரும் முகப்பிலுள்ள துருவைச் சுரண்டச் செய்தல் அவசியம். மில்லிமீற்றரில் நூற்றிலொரு பங்காகச் சில கோணல் இருந்தாலும் நாளடைவில் கால்மிதி நடுங்கும். ரயர் வழுவழுப்பாயிருப்பின் இவ்வளவும் வீண். நிலத்தைப் பற்றுவது ரயர்தான், பேட்டன்று.

பூட்டிய அன்றே விரைய வேண்டாம். ஆளரவமற்ற அதிகாலையில் 50 கிலோமீற்றரிலிருந்து 10 வரை மிதமாகப் பிறேக் பிடித்து, முற்றாக நிறுத்தாமல் பத்துப் பன்னிரண்டு முறை செய்து, பின் ஆறவிடுக. பேட்டின் மென்படலம் டிஸ்க்கிற் சீராகப் படிவதற்கு இதுவே வழி. அத்துடன் பிறேக் ஒயிலையும் மாற்றுக. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டொட் 4’ வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகையிற் கொதிக்கும். ஈரமேறியபின் 155 பாகைதான் அதற்கு விதித்த எல்லை. நம்மூர் ஈரக்காற்றுக்கு இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுவது தகும்.

பழையதைக் கழற்றும்போது படிந்திருக்கும் கருந்தூளைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளின் பிறேக் சூவில் கல்நார் கலந்திருக்கக்கூடும்; நுரையீரலைக் கெடுக்கும் அதனைப் பிரித்தானியா 1999இல் முற்றாகத் தடைசெய்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையிலிட்டுக் கட்டி அகற்றச் சொல்லுங்கள். வீட்டு முற்றத்தில் வேலை நடக்குமாயின் குழந்தைகள் அன்று உள்ளேயே இருக்கட்டும்.