ரோடு யார் காசு?



2025 ஆகஸ்டில் ஒரு நாள் சாயங்காலம், பேப்பரில் வந்த செய்தி ஒன்றை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கிலோமீட்டர் ரோட்டை நாலு வழிச் சாலையாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. மொத்தச் செலவு 2,157 கோடி ரூபாய். கட்டுமானப் பணத்தில் பாதிக்கு மேல் ஒப்பந்தக் கம்பெனியே கொண்டுவரும் என்றும் சொன்னேன்.

அப்பா உப்பளத் தொழிலாளி. கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். கேட்டாரே ஒரு கேள்வி! "அவன் காசப் போட்டு நமக்கு ஏன் கண்ணு ரோடு போடுறான்?"

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பதில் சொல்ல முடியாமல் விழித்தேன். அப்புறம் லைப்ரரியில் உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாம் எஸ்டிமேட்டிங் பாடத்தில் படிப்பது பழைய முறை. அரசாங்கம் எஸ்டிமேட் போடும்; டெண்டர் விடும்; குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. எம்-புக்கில் அளவு எழுதினால் பில் பாஸாகும். எங்கள் தெருவிலிருந்து உப்பளத்துக்குப் போகும் ரோடு அப்படித்தான் போடப்பட்டது. போட்டவர் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு ஐப்பசி மழையைக்கூட அது தாங்கவில்லை. ஜல்லி பெயர்ந்து, சைக்கிளில் போன அம்மா விழுந்து கை பிசகிக் கிடந்தார். குறையைச் சரிசெய்து தரவேண்டிய காலமும் முடிந்துவிட்டதாம்! பில் வாங்கியதோடு ரோட்டுக்கும் போட்டவருக்கும் உறவு அறுந்துபோகிறது. இதுதான் பழைய முறையின் பெரிய ஓட்டை.

இதை அடைக்க வந்ததுதான் பி.ஓ.டி. முறை. அதாவது கட்டு, நடத்து, ஒப்படை. கம்பெனி தன் பணத்தைப் போட்டுக் கட்டி, சுங்கம் வசூலித்து, பல வருஷம் கழித்து அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுக்கும். இதற்குப் பக்கத்து உறவான ஒரு முறையை நம் ஈ.சி.ஆரிலேயே பார்த்தோம். டிட்கோவும் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனமும் சேர்ந்து 1998-ல் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அது ஏற்கெனவே இருந்த ரோட்டைச் சீர்செய்து, 2002 முதல் சுங்கம் வசூலித்துப் பராமரித்தது. கூட்டாளியான அந்த நிதி நிறுவனமோ 2018-ல் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் சாய்ந்தது. தனியார் என்றால் தவறவே மாட்டார்கள் என்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கட்டும்!

பி.ஓ.டி.யில் இன்னொரு சிக்கல். எதிர்பார்த்த அளவுக்கு வண்டி ஓடாவிட்டால் சுங்கம் குறையும், பேங்க் கடன் நிற்கும், வேலையும் நிற்கும். நாடு முழுக்க இப்படிப் பல ரோடுகள் பாதியில் கிடந்தன. அதனால் 2016-ல் மத்திய அரசு 'ஹைப்ரிட் ஆன்யுட்டி' என்ற கலப்பு முறையைக் கொண்டுவந்தது. மரக்காணம் ரோட்டுக்கும் இதே முறைதான்.

கணக்கு சுலபம். கட்ட 100 ரூபாய் என்றால், வேலை நடக்கும்போதே அரசாங்கம் 40 ரூபாயைத் தவணையாகக் கொடுக்கும். மீதி 60 ரூபாயைக் கம்பெனி சொந்தப் பணமும் பேங்க் கடனுமாகக் கொண்டுவர வேண்டும். அந்த 60-ஐ அரசாங்கம் 15 வருஷத்தில், ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக, வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். அதுவரை பராமரிப்பு கம்பெனி பொறுப்பு. சுங்கம் அரசாங்கத்துக்கு; வண்டி குறைந்தால் நஷ்டமும் அரசாங்கத்துக்கே.

இதை அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "இது நம்ம முன்பணம் மாதிரி இல்ல இருக்கு! மழைக்காலத்துல வேலை கெடையாது, வாங்கித் தின்றோம். சீசன்ல ஒழைச்சுக் கழிக்கிறோம். எதுவா இருந்தாலும் வாங்குறதுக்கு முன்னாடியே பேசிக்கணும் கண்ணு. வாங்கினப்புறம் வாயத் தொறக்க முடியாது."

நண்பர்களே, நான் சொல்ல வந்ததும் இதுதான்! கம்பெனி நமக்குச் சும்மா ரோடு போடவில்லை. நாம் கடனுக்கு வாங்குகிறோம். நானும் நீங்களும் வேலைக்குப் போய் வரி கட்டித்தான் அந்தத் தவணை தீரும். 15 வருஷம் கம்பெனியைக் கட்டிப்போடுவதை நான் வரவேற்கிறேன். எங்கள் தெரு ரோட்டுக்கு அப்படி ஒரு கட்டு இருந்திருந்தால் அம்மா விழுந்திருக்க மாட்டார். ஆனால் கட்டு இரண்டு பக்கமும் இறுக்கும். உப்பளத்துக்கு உப்புத்தண்ணீர் வரும் வாய்க்காலுக்குக் கல்வெர்ட் எவ்வளவு அகலம்? மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்? விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் நாலு வழிச் சாலையை எங்கே கடப்பார்கள்? கையெழுத்துக்கு முன் இவை ஒப்பந்தத்தில் ஏறவேண்டும். அப்புறம் கேட்டால் ஒவ்வொன்றும் கூடுதல் வேலை, கூடுதல் காசு!

முன்கூட்டியே மக்களிடம் பேச முடியுமா என்கிறீர்களா? முடியும். 1990-களின் கடைசியில் ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடை கட்டியபோது வீட்டுக்கு 5,000 ரூபாய் பங்கு கேட்டது. வீடு வீடாகப் போய் விளக்கியது. மக்கள் கொடுத்தார்கள்; வேலையும் நடந்தது. காசு யாருடையது என்று தெரிந்தவன் கேள்வி கேட்பான்.

நாளை சைட்டில் டேப் பிடிக்கப்போவதும் லெவல் பார்க்கப்போவதும் நாம்தான். ஊர்க்காரர் முதலில் வந்து கேட்பதும் நம்மைத்தான். கான்கிரீட் கலவை விகிதம் தெரிந்தால் போதாது. ஒப்பந்தத்தைப் படிக்கவும் தெரியவேண்டும். இந்தப் புது முறைகளுக்கு நம் பாடத்தில் ஒரு யூனிட்டாவது வேண்டும் என்று சங்கத்தின் மூலம் கேட்போம்.

அப்பா கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது: "அவன் காசு இல்லப்பா, நம்ம காசுதான். கொஞ்சம் தாமசமா குடுக்குறோம்."

— மூன்றாமாண்டு மாணவன், சிவில் பிரிவு