காரை இறக்கும் ஸ்பிரிங் மோகம்: வேகத்தடையில் வயிறு உரசும் வண்டிகள்

சென்னையில் சின்னக் கார் வைத்திருக்கும் வாலிபர்களுக்கு இப்போது ஓர் ஆசை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள சந்து தெரியக்கூடாது. வண்டி தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கவேண்டும். அதற்காகக் கம்பெனி போட்ட ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, குட்டையான ஸ்பிரிங் மாட்டுகிறார்கள்.

"எறக்கிப் போட்டா வண்டி கெத்தா இருக்கும், வளைவுல சாயாது" என்பது இவர்கள் சொல்லும் காரணம். இதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு இந்த ஊர் ரோடுதான் பதில் சொல்லவேண்டும்.

ஊரெல்லாம் ஓடும் மாருதி ஸ்விப்ட் காரையே எடுத்துக்கொள்ளலாம். அதன் அடிமட்டம் தரையிலிருந்து 163 மில்லி மீட்டர் உயரம் என்பது கம்பெனிக் கணக்கு. கடைகளில் கிடைக்கும் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லி மீட்டர் வரை இறக்கும்.

40 இறக்கினால் மிச்சம் 123. வீட்டில் நாலைந்து பேர் ஏறி, பின்னால் அரிசி மூட்டையும் வைத்து, வண்டி இன்னும் 25 மில்லி மீட்டர் அமுங்கினால் மிச்சம் 98 தான்.

இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி வேகத்தடையின் உயரம் 100 மில்லி மீட்டர். அதுவும் 3.7 மீட்டர் அகலத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்கவேண்டும். விதிப்படி போட்ட வேகத்தடையில் வண்டி எப்படியோ தப்பிவிடும். தெருக்காரர்கள் சிமெண்டைக் குழைத்து ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட முட்டுகளை யார் அளந்தார்கள்? அங்கேதான் சைலன்சரும் இஞ்சின் அடித்தட்டும் அடிவாங்குகின்றன.

ஆகவே ஸ்பிரிங் வாங்கப் போகிறவர் முதலில் வாங்கவேண்டியது ஒரு டேப். வீட்டு ஆட்களை ஏற்றி உட்காரவைத்து, வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்தை அளக்கவேண்டும். தினமும் போகிற வழியில் உள்ள மிக மோசமான முட்டையும் அளக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள மிச்சம்தான் அவர் இறக்கக்கூடிய அளவு. அநேகருக்கு அது 20, 25 மில்லி மீட்டரைத் தாண்டாது.

குட்டையாக இருந்தால் போதுமா?

போதாது. இடம் குறைந்தால் சக்கரம் மேலே ஏறி இறங்கும் தூரமும் குறைகிறது. அதனால் ஸ்பிரிங் முன்பைவிடக் கெட்டியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ஷாக் அப்சார்பர் ஒரேயடியாக அமுங்கி, உள்ளே இருக்கும் ரப்பர் கட்டையில் போய் மோதும்.

கெட்டியான ஸ்பிரிங் துள்ளும். துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. பழைய ஸ்பிரிங்குக்கு என்று செய்த ஷாக், புதிய ஸ்பிரிங்கை அடக்கமுடியாமல் திணறும். 60 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய ஷாக்கில் புது ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, "வண்டி தவளை மாதிரி குதிக்குதே" என்று அங்கலாய்ப்பதில் பயன் இல்லை. ஸ்பிரிங் காசோடு ஷாக்குக்கும் காசு ஒதுக்கமுடியாதவர், கொஞ்ச நாள் பொறுப்பதே மேல்.

வளைவில் சாயாது என்ற பேச்சுக்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்விப்ட் போன்ற கார்களின் முன் சக்கரத்தை கீழே ஒரு கை பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டியை அளவுக்கு மீறி இறக்கினால் அந்தக் கை, சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது வண்டியைச் சாய்க்கும் விசை குறைவதற்குப் பதில் கூடும். கொஞ்சம் இறக்கினால் லாபம், நிறைய இறக்கினால் நஷ்டம் என்பது இதனால்தான்.

பெட்ரோலா, டீசலா?

இதைக் கேட்காமல் ஸ்பிரிங் விற்கும் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது. டீசல் இஞ்சின் கனமானது. 2020-ல் மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனால் பழைய டீசல் ஸ்விப்டுகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. பெட்ரோல் வண்டிக்குச் செய்த ஸ்பிரிங்கை டீசலில் மாட்டினால் மூக்கு மட்டும் தரையை மோப்பம் பிடிக்கும்.

வெளிநாட்டுச் சரக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்களும் உண்டு. ஐபாக், ஹெச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் பெயர் பெற்றவை. எந்த மாடலுக்கு, முன்னால் எவ்வளவு இறங்கும், பின்னால் எவ்வளவு என்று எழுதியே கொடுப்பார்கள். ஆனால் ஐரோப்பாவில் விற்ற ஸ்விப்டுக்குச் செய்தது, இங்கே ஓடும் ஸ்விப்டில் அப்படியே உட்காரும் என்பது நிச்சயம் இல்லை. மாடல், வருஷம், இஞ்சின் மூன்றும் ஒத்துப்போகவேண்டும்.

ஸ்பிரிங்கை அறுக்கும் கொடுமை

எல்லாவற்றிலும் ஆபத்தானது, இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிடுவது. செலவு கொஞ்சம், வேலை அரை நாளில் முடியும். அதனால் இதற்கு ஆள் சேருகிறது.

6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் கெட்டித்தன்மை 20 சதவீதம் கூடும். அது பரவாயில்லை என்று தோன்றலாம். ஆனால் அறுத்த முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். ஸ்விப்டின் பின் ஸ்பிரிங் ஷாக்கோடு சேராமல் தனியாக நிற்பது. தளர்ந்தால் இடத்தை விட்டு நழுவவும்கூடும். ஓடுகிற வண்டியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இதைவிட மோசம், கேஸ் விளக்கால் ஸ்பிரிங்கைச் சூடு காட்டி இறக்குவது. எஃகின் முறுக்கு அதோடு போய்விடும். இன்றைக்கு 3 செ.மீ. இறங்கிய வண்டி, மழைக்காலம் வருவதற்குள் இன்னும் இறங்கி நிற்கும்.

மழைக்காலம் என்றதும் இன்னொன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த நகரம் எப்படி மிதந்தது என்பதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அடுத்த வண்டி தாண்டிப் போகிற தண்ணீரில், இறக்கிய வண்டி நின்றுபோகும்.

போலீஸ் பிடிக்குமா?

ஆர்.சி. புத்தகத்தில் தரை உயரத்துக்கு என்று கட்டம் இல்லை, அதனால் கவலை இல்லை என்று சில கடைக்காரர்கள் தைரியம் சொல்கிறார்கள். அதை நம்பிக் கையில் இருக்கிற பணத்தைக் கொட்டக்கூடாது. கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே கண்டிப்பாகச் சொன்னது.

அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவதும் இதுபோன்ற மாற்றத்தைத்தான். பாலிசி கொடுத்த கம்பெனியிடம் முன்னதாகவே எழுத்தில் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

மாட்டியே தீருவது என்று முடிவு செய்தவர்கள் வீல் அலைன்மெண்டை மறக்கக்கூடாது. வண்டி இறங்கினால் சக்கரத்தின் கோணம் மாறும். சரி செய்யாவிட்டால் டயரின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து, வெளிப்பக்கம் புதிது போலப் பளபளக்கும். ஹெட்லைட்டையும் மறுபடி நிமிர்த்தி வைக்கவேண்டும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களும் உஷாராக இருக்கவேண்டும். ஆசைப்பட்டு அறுத்த வண்டிகள் கடைசியில் வந்து சேருவது அவர்களிடம்தான். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, டார்ச் அடித்து முன் ஸ்பிரிங்கின் முனையைப் பார்க்கலாம். பின் ஸ்பிரிங்கைக் குனிந்து பார்க்கலாம். முனை பெயிண்ட் இல்லாமல், ரம்பம் போட்ட தடத்தோடு துருப்பிடித்திருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம். நான்கு டயரின் உள் ஓரத்தையும் கையால் தடவிப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.